இடப்பக்கம் செருகிய முண்டு

அந்த பிளக்ஸை வெட்டிக் கிழித்தது நான்தான். அடுக்களையில் கிடந்த வெட்டுகத்தியை எடுத்துக்கொண்டு முக்குவரை நடந்து போய், டீக்கடை முழுக்க ஆள் இருக்கும்போதே வெட்டினேன். ஒருவரும் எழுந்து வந்து தடுக்கவில்லை. கையில் கத்தியோடு நிற்கிற ஒரு பெண்ணிடம் நியாயம் பேச அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பிளக்ஸ் அடிப்பது என் தொழில். கேரள எல்லையோரம் பாறசாலையில் சின்னதாக ஒரு கடை. புதுவீட்டுப் பால்காய்ச்சு, கல்யாணம், மரணம், கோவில் திருவிழா, சபைக் கன்வென்ஷன் எல்லாவற்றுக்கும் மலையாளத்திலும் தமிழிலும் அடித்துக் கொடுப்பேன். எங்கள் குடும்பத்தைத் திட்டுவதற்கு வேறொரு கடையில் போய் அடித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனியாக ஒரு கோபம் இருந்தது. அதுவும் மெலிந்த சீட். வெயிலில் காட்டினால் மறுபுறம் தெரியும்.

அதில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'அன்று', இன்னொன்றின் மேல் 'இன்று'. அன்று என்ற படத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தூண்கள். வீட்டின் இடப்பக்கமாக உள்ளே போகிற ஒரு வழி. வீட்டின் முன்னால் சட்டை போடாத சில ஆண்கள் முண்டு உடுத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். இன்று என்ற படத்தில் அதே இடத்தில் எங்கள் கான்கிரீட் வீடு. இடப்பக்கம் வழி இல்லை, எங்கள் மஞ்சள் மதில் இருந்தது. கீழே மலையாளத்தில் பெரிய எழுத்தில் கேட்டிருந்தார்கள்: இந்த வழியைத் தின்றது யார்?

எங்கள் வீடு கிழக்கே ரோட்டைப் பார்த்து நிற்கிறது. ரோட்டில் நின்று பார்த்தால் இடது கைப்பக்கம் தெற்கு. தெற்கு மதிலை ஒட்டித்தான் அம்மாவின் குழிமாடம். எங்கள் பக்கத்தில் இந்துக்கள் செத்தவர்களை வீட்டைச் சுற்றின சொந்தப் பறம்பில், வீட்டுக்குத் தென்புறத்தில்தான் அடக்குவார்கள். மேலே ஒரு சிமெண்டுத் திட்டு, தலைமாட்டில் விளக்கு வைக்க ஒரு குழிவு, அவ்வளவுதான். சாயந்தரம் நான் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலை அங்கே திரி போடுவது. பிளக்ஸில் கேட்ட அந்த வழியைத் திறந்தால் அது அம்மாவின் மேல்தான் போகும்.

பிளக்ஸ் வைத்தது எங்கள் வடக்கு வீட்டு அண்ணன். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன், ஊர் வாசகசாலைக்குத் தலைவன். வாசகசாலையின் பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு நெகட்டிவ் கிடைத்ததாம். ஒரு போனில் வெள்ளை வெளிச்சம் காட்டி, அதன்மேல் நெகட்டிவை வைத்து, இன்னொரு போனில் படம் பிடித்து, கறுப்பை வெளுப்பாக மாற்றி எடுத்திருக்கிறான். பிறகு ரோட்டின் எதிர்ப்புறம் போய், பழைய படம் எடுத்த அதே இடத்தைத் தேடி நின்று, இன்றைய படத்தை எடுத்திருக்கிறான். அந்த மெனக்கெடலைத் தொழில்காரியாக நான் மெச்ச வேண்டும். மெச்சவில்லை, அவன் குரல்வளையைப் பிடிக்கத்தான் தோன்றியது.

ஆனால் வழி கேட்டவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பின்னால் வயலை மண் போட்டு நிரத்திக் கட்டிய வீடுகள் உண்டு. அவர்களுக்கு ஆட்டோ போகிற வழி கிடையாது. வாழைத்தோட்டத்து வரப்பில்தான் வருவார்கள், போவார்கள். அந்த மழைக்காலத்தில் அங்கே ஒரு டிரைவருக்கு நெஞ்சுவலி வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வரப்பில் வழுக்கி ஒருமுறை கீழே போட்டும்விட்டார்கள். ரோட்டில் ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஏற்றும்போதே அவருக்கு உயிர் இல்லை. அந்த நாற்காலி எங்கள் வீட்டு வாசலில் வெகுநாள் மழையில் கிடந்தது, யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

பிளக்ஸை நான் வெட்டிய அன்றே வாசகசாலையில் கூட்டம் போட்டார்கள். நானும் தம்பியும் போனோம். மேசைமேல் அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து வைத்திருந்தான் வடக்கு வீட்டு அண்ணன்.

"பிள்ளே, படம் கள்ளம் சொல்லுமா? கண்ணத் தொறந்து பாரு" என்றான்.

பார்த்தேன். வழி எங்கள் பக்கம்தான் இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அங்கேதான் இருந்தது. அப்பா அந்த மதிலைக் கட்டும்போது நான் பிறக்கவில்லை. நாங்கள் சின்னதாக இருக்கும்போதே வீட்டைவிட்டுப் போன அவரிடம் கேட்கவும் முடியாது. அப்பா ஒரு வழியை விழுங்கக் கூடியவரா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கூடியவர்தான். அந்த நினைப்புதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

தம்பி படத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "முன்னால நிக்கியவன் எடங்கையன் ஆக்கும். வெட்டுகத்திய எடத்த கையிலயில்லா பிடிச்சிருக்கான். எங்க குடும்பத்துல எடங்கையன் ஒருத்தனும் இல்ல. இது வேற எவனுக்க வீடோ."

சிலர் சிரித்தார்கள். செத்துப்போன டிரைவரின் மனைவி சிரிக்கவில்லை. அவள் சபைக்குப் போகிறவள், வெள்ளைச் சேலையில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து தம்பியின் முன்னால் நின்றாள். "எனக்க மாப்பிளைய கசேரயில தூக்கிட்டு வரும்ப நீ வாசல்ல நின்னு பாத்துட்டுதான நின்ன? இப்ப சிரிக்கவா செய்யுக?" என்று கேட்டாள்.

பதில் இல்லாத ஆணுக்குக் கைதான் நீளும். அவளை அடிக்க முடியாது, ஆகவே தம்பி பக்கத்தில் நின்ற வடக்கு வீட்டு அண்ணனைக் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி தெறித்துப் போய் நாளிதழ் அடுக்கின்மேல் விழுந்தது. பிறகு நாற்காலிகள் பறந்தன. என் தலையில் ஒன்று விழுந்தது, நானும் ஒன்றை எடுத்து எறிந்தேன். யார்மேல் பட்டது என்று இன்றுவரை தெரியாது. யார்மேலாவது படவேண்டும் என்றுதான் எறிந்தேன்.

வில்லேஜ் ஆபீஸில் எழுதிக் கொடுத்து அளந்து பார்க்கலாம் என்று பஞ்சாயத்து மெம்பர் சொன்னார். அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படம் இருக்கும்போது அளப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. குன்னத்துகால் பக்கத்துக் குவாரியிலிருந்து வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். அதன் பின்னால் பின்வீட்டுக்காரர்கள் கூந்தாலி, மண்வெட்டி, கடப்பாரையோடு வந்தார்கள். நான் வெட்டிய பிளக்ஸுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று அடித்து, எங்கள் கேட்டுக்கு நேரே இருந்த கரண்டுக் கம்பத்தில் ரோட்டைப் பார்த்துக் கட்டினார்கள். பார்த்துக்கொண்டே இடியுங்கள் என்பதுபோல.

தம்பி அம்மாவின் குழிமாடத்தின்மேல் ஏறி நின்றான். ஓணத்துக்கு எடுத்த பாலராமபுரம் முண்டை மடக்கிக் கட்டியிருந்தான். கையில் வெட்டுகத்தி. "எவனாவது மதில்ல தொட்டான்னா கழுத்த வெட்டிருவேன். எனக்க அம்மைக்க மேலயா உங்களுக்கு வழி?" என்று கத்தினான்.

ஒரு கல் வந்து அவன் காதுக்கு மேல் பட்டது. ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. அவன் குதித்து இறங்கி முதலில் கிடைத்தவன் கழுத்தைப் பிடித்தான். அது வடக்கு வீட்டு அண்ணன். இரண்டு பேரும் உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்த இடத்தில் உருண்டார்கள். கத்தி அண்ணனின் தோளில் ஒருமுறை இறங்கியது. யாரோ மண்வெட்டியால் தம்பியின் மணிக்கட்டில் அடித்தார்கள். எலும்பு உடைகிற சத்தம் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, காய்ந்த மடல் ஒடிவதுபோல் இருந்தது. நான் தென்னை மட்டை ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினேன். முதுகுகளில் பட்டது, ஒரு பெண்ணின் வாயில் பட்டது. அவள் பல்லைத் துப்பிவிட்டு என் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினாள்.

அதற்குள் ஜேசிபியின் கை மதிலைத் தள்ளிவிட்டது. மதில் விழுந்த வேகத்தில் திரும்பும்போது பக்கெட்டின் பல் குழிமாடத்தின்மேல் இழுத்துக்கொண்டு போனது. சிமெண்டுத் திட்டு நடுவில் இரண்டாகப் பிளந்தது. விளக்குக் குழிவு தனியாகப் பெயர்ந்து கவிழ்ந்தது. முந்தின நாள் சாயந்தரம் நான் போட்ட திரி அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

என் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் எல்லாரும் ஒரு நிமிஷம் நின்றார்கள். ஜேசிபிக்காரன் மட்டும் இயந்திரத்தை நிறுத்தாமல் திருதிருவென்று விழித்தான்.

தம்பியின் முண்டு அவிழ்ந்து கிழிந்திருந்தது. உடைந்த கை தொங்க, ஒற்றைக் கையால் அதை இழுத்துச் சுற்றி இடுப்பின் வலப்பக்கம் செருகப் பார்த்தான். முடியவில்லை. நான் போய்ச் செருகிவிட்டேன். செருகிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே கம்பத்தில் பிளக்ஸின் மறுபுறம் தெரிந்தது. கிழக்கு வெயில் நேராக அடித்து, மெலிந்த சீட் வழியாகப் படம் இந்தப் பக்கம் ஊறி வந்திருந்தது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றன. படத்தில் நின்ற ஆண்கள் எல்லாரும் தம்பியைப்போலவே முண்டை வலப்பக்கம் செருகியிருந்தார்கள். முன்னால் நின்றவன் கத்தியை வலது கையில் பிடித்திருந்தான்.

ரோட்டுக்கு ஓடினேன். முன்புறம் நின்று பார்த்தேன். அங்கே ஒருவன் பாக்கியில்லாமல் எல்லாரும் இடப்பக்கம் செருகியிருந்தார்கள்.

எங்கள் ஊரில் இதைக் குழந்தைக்கும் சொல்லத் தேவையில்லை. இந்துவும் கிறிஸ்தவனும் முண்டை வலப்பக்கம் செருகுவான், முஸ்லிம்கள் இடப்பக்கம் செருகுவார்கள். எங்கள் முக்கில் அன்றும் இன்றும் முஸ்லிம் வீடு கிடையாது. ஒருவன் இடங்கையனாக இருக்கலாம். நின்ற ஆண்கள் எல்லாரும் ஒரே நாளில் முண்டை மாற்றி உடுத்தியிருக்க மாட்டார்கள். வடக்கு வீட்டு அண்ணன் நெகட்டிவைப் புரட்டி வைத்துப் படம் எடுத்திருக்கிறான். வழி இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம். தெற்கே இல்லை, வடக்கே.

நான் சிரித்தேன். ரத்தம் வழிகிற வாயோடு ரோட்டில் நின்று சிரித்தேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பிறகு வடக்கு வீட்டு அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவந்து பிளக்ஸின் முன்னால் நிறுத்தினேன்.

"முண்டப் பாரு அண்ணா. எல்லாவனுக்க முண்டும் எந்தப் பக்கம் செருகியிருக்கு? உனக்க முண்டு எந்தப் பக்கம் செருகியிருக்கு? நல்லாப் பாரு!"

அவன் படத்தைப் பார்த்தான். தன் இடுப்பைப் பார்த்தான். தோளிலிருந்து ரத்தம் விரல்வரைக்கும் வந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் முகம் வெளுத்தது அந்தக் காயத்தால் இல்லை.

போலீஸ் வந்தது, இரண்டு பக்கமும் கேஸ் எழுதினார்கள். தம்பியையும் வடக்கு வீட்டு அண்ணனையும் ஒரே ஜீப்பில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த கட்டிலில் தையல் போட்டார்கள். அங்கேயும் தம்பி எழுந்து போய் மற்றவன் கட்டிலை உதைத்தான். ராத்திரியே ஸ்டேஷன் ஜாமீனில் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

மறுநாள் நான் நெகட்டிவைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து பூசிய மங்கிய பக்கம் எது, பளபளக்கும் பக்கம் எது என்பது என் தொழிலில் படித்தது. சந்தேகமே இல்லை. சரியாகத் திருப்பி ஒரு பிரதி எடுத்தேன். வழி வடக்கே போனது. அந்த இடத்தில் இன்று நிற்பது வடக்கு வீட்டுக்காரர்களின் மதில். அவர்களுடைய தென்புறம்.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வடக்கு வீட்டு அண்ணனின் அப்பாவையும் தென்புறத்தில்தான் அடக்கியிருக்கிறார்கள். அந்த மதிலை ஒட்டித்தான்.

தம்பிக்குப் பிரதியைக் காட்டினேன். கையில் மாவுக்கட்டோடு எழுந்தான். இடிந்த மதிலோரம் பின்வீட்டுக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கூந்தாலியை மற்றக் கையில் எடுத்தான். நான் தடுக்கவில்லை. கூடவே போனேன். சந்தோஷமாகப் போனேன் என்றுதான் சொல்லவேண்டும். அம்மாவின் திட்டு பிளந்த சத்தம் என் காதில் இருந்தது. அதே சத்தத்தை வடக்கு வீட்டு அண்ணனும் கேட்கட்டும் என்று இருந்தது. பின்வீட்டுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அவர்களுக்கு எந்தப் பக்கமாயிருந்தாலும் வழிதானே.

வடக்கு வீட்டு அண்ணன் அவன் அப்பாவின் குழிமாடத்துக்குப் பக்கத்தில் நின்றான். கட்டுப்போட்ட தோள், கழுத்தில் தம்பியின் கைத்தடம் இன்னும் நீலமாக இருந்தது. பகல்தான், இருந்தாலும் விளக்கேற்றி வைத்திருந்தான். "அடிச்சோ. அப்பா வழிய அடச்சதாட்டுதான் இருக்கும். நான் எதுத்து ஒண்ணும் மிண்ட மாட்டேன்" என்றான். கும்பிடவும் இல்லை, விலகவும் இல்லை.

தம்பி ஒற்றைக் கையால் மதிலில் ஓங்கி அடித்தான். செங்கல் ஒன்று பெயர்ந்து அந்தத் திட்டின்மேல் விழுந்தது. விளக்கு சாய்ந்து எண்ணெய் சிமெண்டில் பரந்தது. வடக்கு வீட்டு அண்ணனின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முந்தின நாள் என் தொண்டையிலிருந்து வந்த அதே சத்தம். நான் ஆசைப்பட்டு வந்தது அதைக் கேட்கத்தான்.

கூந்தாலியைப் பிடித்தேன். "போதும். விடு" என்றேன்.

"மாறி நில்லு அக்கா."

"எங்க அம்மைய இடிச்சாச்சு. இனி இவனுக்க அப்பனையும் எதுக்கு? அவியளுக்கு ஒரு வழிதான வேணும். அது தொறந்துல்லா கிடக்கு."

தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னிடம் இருக்கிறது. "நீ அம்மைய வித்துட்ட" என்று சொல்லிவிட்டு, கூந்தாலியின் பிடியால் என் மார்பில் குத்தித் தள்ளினான். நான் விழுந்தேன். அவன் என்மேல் தாண்டிப் போனான். ஆனால் மதிலை மறுபடி அடிக்கவில்லை. கூந்தாலியை எங்கள் கிணற்றில் எறிந்துவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டான்.

டிரைவரின் மனைவி வந்து என்னைத் தூக்கினாள். அவளுக்காகச் செய்தேன் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்காகச் செய்யவில்லை. அந்தச் சத்தத்தை இன்னொருமுறை கேட்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

வடக்கு வீட்டு அண்ணன் எங்கள் தென்புறத்தில் விட்ட வழிக்கு ஈடாக அவன் பறம்பிலிருந்து எங்களுக்கு இடம் எழுதித் தந்தான். தரவில்லையென்றால் நானே கத்தியோடு போயிருப்பேன். அம்மாவைத் தோண்டி, கிடைத்ததை மண்ணோடு அள்ளி, இன்னும் உள்ளே தள்ளி வைத்தோம். தம்பி வரவில்லை. களியக்காவிளைக்கு அப்பால் வாடகைக்கு வீடு எடுத்துப் போய்விட்டான். ஓணத்துக்கும் வருவதில்லை. அவன் மணிக்கட்டு இன்றும் முழுதாக மடங்காது என்று யாரோ சொல்லித்தான் தெரியும்.

வழிக்குக் கான்கிரீட் போட்டதும் வாசகசாலையில் மறுபடி அன்று, இன்று படம் வைக்கவேண்டும் என்றார்கள். இந்தத் தடவை என் கடையில்தான் அடித்தார்கள். ரோட்டின் எதிர்ப்புறம், பழைய படம் எடுத்த அதே இடத்தில் நின்று நான் புதுப்படம் எடுத்தேன். எங்கள் வீடு. இடப்பக்கம் உள்ளே போகிற வழி. வழியில் ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது.

கடையில் இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் வடக்கு வீட்டு அண்ணன் புரட்டி எடுத்த படத்தை வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. வீட்டுக்கு வீடு, வழிக்கு வழி. தப்பான படத்தை நாங்கள் எல்லாரும் சேர்ந்து, மண்டை உடைத்து, மெய்யாக்கியிருந்தோம். பிறகு அதை அழித்துவிட்டு, நான் நெகட்டிவைத் திருப்பி எடுத்த சரியான படத்தை வைத்தேன். பொருந்தவே இல்லை. அதைத்தான் அடித்தேன்.

பிளக்ஸ் கட்டின அன்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "சேச்சி, படம் மாறிப் போச்சே. வழி அந்தப் பக்கமில்லா காணுது" என்றார்கள். பின்வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் சொன்னார்கள், பஞ்சாயத்து மெம்பர் சொன்னார். கடைசியில் எல்லாம் தெரிந்த வடக்கு வீட்டு அண்ணனே வந்தான். வாசலில் நின்று தோளைத் தடவிக்கொண்டே, "அதத் திருப்பிப் போட்டுரு பிள்ளே. ஒவ்வொருத்தனுக்கும் எத்தனை தடவதான் சொல்லிட்டே நிக்கியது?" என்றான்.

"போடமாட்டேன். வேணும்னா நீ வெட்டுகத்தி எடுத்துட்டு வந்து கிழி" என்றேன்.

அவன் போய்விட்டான். பிளக்ஸ் இன்னும் வாசகசாலைச் சுவரில்தான் இருக்கிறது. அம்மா படுத்திருந்த இடம் வழியாகாமல் இருப்பது அந்த 'அன்று' படத்தில் மட்டும்தான்.